வரிசை 37: சிலிண்டர் எச்சரிக்கை ஒலி

13 ஆகஸ்ட் 2025, புதன்

நேற்று ஒலிப்பட்டியலில் ஒரு தவறு செய்துவிட்டேன். வரிசை 37இல் "சிலிண்டர் எச்சரிக்கை ஒலி, பத்து நொடிக்கு ஒன்று, நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருந்தேன். அது சிலிண்டர் ஒலி இல்லை. நான் தங்கியிருக்கும் பாளையங்கோட்டை விடுதியில், வார்டன் மேசைக்கு அடியில் இருக்கிற யூபிஎஸ்.

காலையில் மின்சாரம் போனது. பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கீழே அது கத்த ஆரம்பித்தது. பழக்கத்தில் எண்ணினேன். பத்து நொடிக்கு ஒன்று. வாயைக் கொப்பளித்துவிட்டு ஹெட்போனை எடுத்தேன்.

மாலை நேர ஒலிப்பதிவு வகுப்பில் நாங்கள் எட்டுப் பேர். பயிற்சிக்காக எடுத்த படம் பன்னிரண்டு நிமிடம் ஓடும். எவ்வளவு வெள்ளம் போனாலும் நிறையாத ஒரு கிணறு. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க, கிணற்றின் அடியில் இருக்கும் குகைக்குள் ஒரு பெண் முங்கிப் போகிறாள். எங்களோடு படிக்கும் இசக்கித்தாய்தான் முங்கினாள், திசையன்விளையில் அவள் மாமா கிணற்றில். முதுகில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டர், மஞ்சள் பெயிண்ட் அடித்த தீயணைப்பு டப்பா. போனை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எடுத்ததால் ஒலி ஒன்றுமே பதிவாகவில்லை. எல்லாவற்றையும் நாங்களே உண்டாக்க வேண்டும்.

தண்ணீருக்குள் யாரும் பேச முடியாது, இந்த மாதிரிப் படங்களில் பயம் முழுவதும் மூச்சில்தான் இருக்கிறது என்று காசிலிங்கம் சார் முதல் வகுப்பிலேயே சொன்னார். மூச்சை என் தோழி ஸ்டெபி எடுத்துக்கொண்டாள். எனக்குப் பட்டியல். ஒவ்வொரு ஒலியும் என்ன, எங்கே எடுத்தது, யாருடையது என்று எழுத வேண்டும்.

நேற்று படத்தைப் போட்டுப் பார்த்தோம். ஒன்பதாவது நிமிடத்தில் குகைக்குள் அவள் பிடித்திருந்த கயிறு கைநழுவிப் போகிறது. நாற்பத்தொரு நொடி வெறும் மூச்சும் நடுநடுவே அந்த எச்சரிக்கை ஒலியும் மட்டும். முடிந்ததும் சார் ஸ்டெபி பக்கம் திரும்பினார்.

"எப்படிம்மா எடுத்தே?" என்று சார் கேட்டார்.

"வாளித் தண்ணியில குழாய விட்டு ஊதினேன் சார்" என்றாள் ஸ்டெபி.

"தண்ணியில முங்கினது நான், பேரு வாங்குதது இவளா?" என்றாள் இசக்கித்தாய். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

இன்று காலை அந்த நாற்பத்தொரு நொடியை ஆறு தடவை கேட்டேன். மூச்சு எல்லோருக்கும் ஒரே மாதிரிதானே, நான்தான் எதையாவது கற்பனை செய்கிறேனோ என்றும் நினைத்தேன். ஆனால் மூன்றாவது மூச்சுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒரு விக்கல் இருக்கிறது. கடைசியில், வெட்டிய இடத்தில், ஒரு அரை "அ". அது எந்தச் சொல்லின் தொடக்கம் என்று எனக்குத் தெரியும்.

2023 டிசம்பர் 18. ஸ்ரீவைகுண்டத்தில் வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டது என்று அம்மா காலையில் போனில் சொன்னாள். அதன் பிறகு இரண்டு நாள் அவள் போன் போகவில்லை. விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து ஸ்டெபிக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். பேச நினைத்தேன், மூச்சுதான் வந்தது. கடைசியில் "அம்மா எடுக்கல" என்று மட்டும் சொன்னேன். மின்சாரம் இல்லாமல் கீழே யூபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்து வீட்டு மாடியில் பத்திரமாக இருந்திருக்கிறாள். அவள் போன் வந்ததும் அந்தப் பதிவை என் போனில் அழித்துவிட்டேன். நான் பயப்படவே இல்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இன்றுவரை அப்படித்தான் நம்புகிறாள்.

மாலை வகுப்பு முடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் ஸ்டெபியிடம் கேட்டேன்.

"அந்த மூச்சு எங்க எடுத்தது?"

"அதான் நேத்தே சொன்னேனே. வாளி, குழாய்."

"வாளிக்குள்ள யூபிஎஸ் எப்படிட்டி வந்துச்சு?"

பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். மறுபடி திறந்தாள்.

"நானும் பத்துத் தடவ ஊதிப் பாத்தேன் ப்ரீதா. எல்லாம் புட்டு அவிக்குத மாதிரி இருந்துச்சு. உன்னோடதுதான் நிஜமா இருந்துச்சு."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"பின்ன? பேச்ச வெட்டிட்டேன். வெறும் மூச்சுதானே. அதுல உன் பேரா எழுதியிருக்கு?"

"சனிக்கிழமை படம் போடுறப்ப அம்மா வாராங்க."

"அவங்களுக்கு எப்படிட்டி தெரியும்? அன்னைக்கு அவங்க உங்கூடவா இருந்தாங்க?"

இல்லை. அன்று கூட இருந்தது ஸ்டெபி மட்டும்தான். அரை மணிக்கு ஒரு தடவை "நான் இருக்கேன்" என்று அனுப்பிக்கொண்டே இருந்தாள். அதனால்தான் அவளுக்கு அனுப்பினேன்.

"எடுத்துரு" என்றேன்.

"எடுத்தா அங்கன என்ன இருக்கு? தீயணைப்பு டப்பாவக் கட்டிக்கிட்டு ஒருத்தி கிணத்துல கெடக்கா. அவ்வளவுதான்."

சமாதானபுரம் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அறைக்கு வந்து பட்டியலைத் திறந்தேன். வரிசை 36, மூச்சு. எங்கே: வகுப்பறை. யாருடையது: ஸ்டெபி. அவள் சொன்னதை நான்தான் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அது இல்லாவிட்டால் படம் சுமாராகத்தான் இருக்கும், அது உண்மை. ஆனால் சின்ன வயதிலிருந்தே அழும்போது எனக்கு நடுவில் விக்கல் வரும். அம்மாவுக்கு அந்த விக்கல் தெரியும். அவள் கண்டுபிடிக்காமல் போனாலும், எல்லோரும் கைதட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாளை: மாலை ஆறு மணிக்கு முன்பே வகுப்புக்குப் போக வேண்டும். வரிசை 36, 37 இரண்டிலும் விடுதி மாடிப்படி என்றும் என் பெயரையும் எழுதிக் காசிலிங்கம் சாரிடம் காட்டி, இரண்டையும் எடுத்துவிடச் சொல்ல வேண்டும். நாற்பத்தொரு நொடிக்குப் புதிய மூச்சு நானே பதிவு செய்ய வேண்டும். வாளி அங்கே இருக்கிறது. குழாய் வாங்க வேண்டும்.