சீல் பிரித்த கூலர்

கம்ப்யூட்டருக்குள்ளும் பம்பு வைக்கிறார்கள் என்று இல்யாஸின் கம்ப்யூட்டர் கடையில் கேள்விப்பட்டதுமே அழகிரிசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இருக்காதா பின்னே? கணபதி பகுதியில் முப்பது வருஷமாகக் கிணற்றுப் பம்பு செய்கிற மனிதர்.

வந்தது என்னவோ மகள் ஹரிதாவின் கம்ப்யூட்டர் சூடேறாமல் இருக்க ஒரு கூலர் வாங்க. பம்புக்குள் தண்ணீர் எப்படிச் சுழலும் என்று கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கிறவள் அவள். முதன்முறையாக ஒரு பம்பை அவளே வடிவமைத்திருந்தாள், ஆறு மாத உழைப்பு. திங்கட்கிழமை காலைக்குள் அறிக்கை போகாவிட்டால் பழைய டிசைனே போதும் என்று ஆர்டர் கொடுத்தவர்கள் சொல்லிவிடுவார்கள். கணக்கோ ஒன்றரை நாள் விடாமல் ஓட வேண்டும். அதற்கென்று வாங்கிய புது பிராசஸரோ, கூலர் இல்லாமல்தான் வந்திருந்தது.

"ஃபேன் கூலரே போதுங்கப்பா. தகடும் ரெண்டு ஃபேனும்தான், கெட்டுப்போக அதுல ஒண்ணுமில்லீங்க" என்றாள் ஹரிதா.

"ஒன்றரை நாள் ஓடோணும்ங்கறே. காத்தை நம்பி உட முடியுமா அம்மணி?"

"ரெண்டுமே தாங்குங்கண்ணா. பம்பு வெச்ச இந்த லிக்விட் கூலர்ல சூடு கொஞ்சம் கம்மியா இருக்கும், அவ்வளவுதானுங்க" என்றார் இல்யாஸ்.

அழகிரிசாமி காதில் எதுவும் ஏறவில்லை. உள்ளங்கை அளவுப் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்பு விஷயத்தில் அவரிடம் வாதாடி ஜெயித்தவர் அந்த வீட்டில் யாருமில்லை. லிக்விட் கூலரோடு வீடு திரும்பினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. ஹரிதா சாப்பிடப் போன நேரத்தில் அவர் கூலரை எடுத்துக் குலுக்கினார். தண்ணீர் குறைவாக இருப்பதுபோல் பட்டது. எந்தப் பம்பானாலும் முதலில் தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் சுவிட்சில் கை வைப்பார். கூலர் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர், அதன் அடியில் திருகு. ஸ்டிக்கரை நகத்தால் கிழித்துத் திருகைக் கழற்றியதும், உள்ளே இருந்ததில் பாதி அவர் கையில் வழிந்தது. மனிதர் அசரவில்லை. போர்வெல் தண்ணியில் உப்புப் படியுமே என்று, குடிக்கிற சிறுவாணித் தண்ணியாகப் பார்த்து ஊற்றி மூடினார். அவ்வளவு அக்கறை!

மதியம் கணக்கு ஓடத் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் சூடு நூறு டிகிரியைத் தொட்டு மெஷின் அணைந்தது. ஹரிதா மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. உள்ளே களகளவென்று ஒரு சத்தம். காற்றுப் பிடித்த பம்பின் சத்தம் அவருக்குத் தெரியாதா?

"நாந்தான் கண்ணு, தொறந்து தண்ணி ஊத்திப்போட்டேன்."

ஹரிதாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "அது சீல் பண்ணியே வாரதுங்கப்பா. உங்களை யாருங்க ஊத்தச் சொன்னாங்க?"

இருவரும் கடைக்கு ஓடினார்கள். கிழிந்த ஸ்டிக்கரைப் பார்த்த இல்யாஸ் குரலில் மரியாதை துளியும் குறையவில்லை.

"சீலைப் பிரிச்சுட்டா கம்பெனி பொறுப்பு இல்லீங்கண்ணா. நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

அழகிரிசாமிக்குச் சுருக்கென்றது. அவருடைய பம்புப் பெட்டிக்குள் போகிற வாரன்ட்டி அட்டையிலும் அதே வாசகம்தான், அவரே எழுதியது. போன மாதம் தாராபுரத்திலிருந்து மயில்சாமி என்ற விவசாயி, நின்றுபோன பம்பை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார். "என்னன்னு பார்க்கலாம்னு தொறந்துபோட்டனுங்க" என்றவரிடம் அந்த அட்டையைக் காட்டித்தான் திருப்பி அனுப்பினார். டீ வாங்கிக் கொடுத்து மரியாதையாகத்தான் அனுப்பினார். மரியாதையாகச் சொன்னால் வலிக்காது என்று அன்றுவரை நினைத்திருந்தார்.

"அந்த ஃபேன் கூலரையே குடுங்கண்ணா" என்றாள் ஹரிதா. வீட்டுக்கு வந்து அதை மாட்டி முடிக்கும்வரை அப்பாவை அறைக்குள் விடவில்லை. அவரும் வாசற்படியிலேயே நின்றார். இந்தத் தடவை சூடு எழுபத்தெட்டில் ஏறி அப்படியே நின்றது.

திங்கட்கிழமை காலை அறிக்கை போனது. அழகிரிசாமி ரிஜிஸ்டரைப் புரட்டி நம்பரைத் தேடி எடுத்தார்.

"ஏனுங்க, மயில்சாமிங்களா? பம்புக் கம்பெனி அழகிரிசாமி பேசறனுங்க. அந்தப் பம்பு எங்கீங்க இருக்குது?"

"மூலைல கெடக்குதுங்க. அதுதான் சீலைப் பிரிச்சாச்சுன்னு சொல்லிட்டீங்களே."

"நானும் ஒண்ணைப் பிரிச்சுப்போட்டனுங்க" என்றார் அழகிரிசாமி. "நீங்க பஸ் ஏற வேண்டாம். நானே வாரனுங்க."