பத்திக்காரியின் கணவன்

மூன்றாம் மாடியில் குடியிருந்த பத்திக்காரி எதைப் பற்றி எழுதினாலும், அது அச்சில் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையோடு உலகத்தை விட்டுப் போய்விடும். பத்திக்காரி என்பது அந்தக் குடியிருப்பு அவளுக்கு வைத்த பெயர். பத்திரிகையின் ஞாயிறு மலரில் நகர வாழ்க்கை, உறவுகள், பண்பாடு என்று வாராவாரம் அரைப்பக்கம் எழுதுவாள். முதலில் போனது கணவனின் குறட்டை. அதைக் கிண்டலடித்து அவள் எழுதியது வந்த அன்று, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவனிடமிருந்து சத்தமே இல்லை. பதறிப்போய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. அப்பாடா என்று அவளும் பக்கத்தில் படுத்துத் தூங்கினாள். அடுத்துப் போனது எதிர்வீட்டு நாயின் குரைப்பு. அது பாட்டுக்கு வாயைத் திறந்து திறந்து மூடியது, அவ்வளவுதான்.

விஷயம் குடியிருப்போர் சங்கத்துக்கு எட்டியபோது ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை. யாருடைய தொல்லை முதலில் என்பதில்தான் தகராறு. தலைவர் தட்டு நிறையப் பழத்தோடு வந்து உட்கார்ந்தார். "அம்மா, நம்ம லிஃப்ட் போடுற சத்தம் இருக்கே, அதப் பத்தி நாலு வரி எழுதக் கூடாதா?" எழுதினாள். வெறும் சத்தத்தை வைத்து அரைப்பக்கம் நிரம்புமா? லிஃப்டின் கதவு, அதன் கண்ணாடி, உள்ளே நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் மாடி எண்ணையே பார்ப்பது என்று நீட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் இருந்த இடத்தில் வழவழவென்று சுவர் இருந்தது. தலைவர் வீடு எட்டாவது மாடியில். அதற்கப்புறம் அவர் பழம் கொண்டுவரவில்லை. மூச்சு வாங்க ஏறும்போது மூன்றாம் மாடியில் நின்று, அவள் வீட்டுக் கதவை ஒருமுறை முறைத்துவிட்டுப் போவார்.

ஊர் வம்பு நமக்கெதற்கு என்று பத்திக்காரி வீட்டுக்குள்ளேயே விஷயம் தேடினாள். கணவன் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை அவனுக்கு. குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டில்மேல் எறிவான். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பான். சொன்ன ஜோக்கையே திரும்பச் சொல்லி முதல் ஆளாகச் சிரிப்பான். அவளுடைய அம்மா வந்தால் அவனுக்குத் தவறாமல் தலைவலி வரும். காலையில் அவள் காபியைக் கையில் எடுத்ததுமே மூக்கிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கித் தன் சட்டை நுனியால் துடைத்து மாட்டிவிடுவான். எல்லாவற்றையும் எழுதினாள், ஒவ்வொன்றாகப் போயின. 'எங்க வீட்டுக்காரரும் அச்சு அசல் இப்படித்தான்' என்று வாசகிகள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். சில வருஷங்களில் அவன் தங்கமான மனுஷன் ஆகிவிட்டான். குடியிருப்பில் இருந்த பெண்கள் அவனைக் காட்டித்தான் தங்கள் கணவர்களைத் திட்டினார்கள்.

தங்கத்தோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை. ஒருநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிப் போட்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சாப்பிட்டு, தட்டையும் கழுவி வைத்தான். கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். "பத்திரமா போயிட்டு வா" என்றான். கண்ணாடி மங்கி, எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தபோதுதான் அது பல மாதங்களாகத் துடைக்கப்படவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல ஆகிவிட்டானே, படுபாவி நானே துரத்திவிட்டேனே என்று அழுதாள்.

அந்தச் சமயம் பார்த்து பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். அவர்களுடைய கல்யாண நாளுக்குக் கணவனைப் பற்றியே ஒரு சிறப்புப் பத்தி வேண்டுமாம். அவனிடம் சொன்னாள். "எழுதேன்" என்று சிரித்தான். "ஆனா என்கிட்ட இன்னும் என்ன மிச்சமிருக்கு?" அவன் குரலில் துளி வருத்தமில்லை. ஒரு வார்த்தை கூடிப்போனாலும் லிஃப்ட் போனது மாதிரி ஆளே போய்விடுவான். அவன் கை, கண், நடை, பெயர் எதையும் தொடாமல், அவனுடைய பொறுமையை மட்டும், நல்ல குணத்தை மட்டும் வரிக்கு வரி புகழ்ந்து எழுதி அனுப்பினாள்.

"என்னம்மா, இரங்கல் குறிப்பு மாதிரி இருக்கு?" என்றார் ஆசிரியர்.

"அப்படியே போடுங்க சார்."

ஞாயிற்றுக்கிழமை அவள் கண் விழித்தபோது கட்டில் காலியாக இருந்தது. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது. கதவு திறக்கவில்லை. எந்த வரியில் கை தவறியது என்று அவள் மனசுக்குள் பத்தியை ஓட்டிப் பார்த்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"சோப்பு எங்க போச்சு? தீர்ந்தா ஒண்ணு எடுத்து வைக்கணும்னு எத்தன தடவ சொல்றது!"

முன்பு போன பழக்கம் எதுவும் அப்படியே திரும்பி வரவில்லை, இந்தத் தடவை பொறுமைதான் போயிருந்தது. கட்டிலில் எறிய வேண்டிய துண்டை அவளுடைய எழுதுகிற நாற்காலியில் எறிந்தான். காபியை ஒரு வாய் குடித்து, "இதுக்குப் பேரு காபியா?" என்றான். "வேணும்னா நீங்களே போட்டுக்குங்க!" என்று அவள் கத்திய கத்தலில் மாடிப்படியில் கூட்டம் கூடிவிட்டது. நாயும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டது. அதைவிட ஆனந்தமாகக் கேட்டவர் சங்கத் தலைவர்தான். சண்டையின் நடுவே அவன் சட்டென்று நிறுத்தி அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "இது என்ன கண்ணாடியா, கழுவாத ஜன்னலா? இத மாட்டிக்கிட்டா எழுதிக்கிட்டிருக்க?" என்று வெடுக்கென்று பிடுங்கி, அந்த ஈரத் துண்டாலேயே தேய்த்து, கோணலாக மாட்டிவிட்டான். கண்ணாடி முன்னைவிட மோசமானது. அவள் அதைச் சரி செய்யாமலே சண்டையைத் தொடர்ந்தாள்.

அடுத்த வாரம் தெருமுனை சிக்னலைப் பற்றி எழுதினாள். சிக்னல் போயிற்று, அது இருந்தபோதே யாரும் மதிக்காததால் போனதையும் யாரும் கவனிக்கவில்லை. குடியிருப்புப் பெண்கள் இப்போதெல்லாம் தங்கள் கணவர்களைத் திட்டுவதற்கு உதாரணம் காட்ட வேறு ஆள் தேடுகிறார்கள். தினமும் காலையில் அவள் கண்ணாடி ஈரத் துண்டால் துடைக்கப்பட்டு மங்கலாகிறது. அதைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை.