பச்சையும் பொன்னுமாய்ப் பன்னிரண்டு இழை

1

"ஏன்க்கா, நீ எந்தப் பக்கம் திருகுற?"

இந்தக் கேள்வியில்தான் கதை பிறந்தது. ஏழு மாதத்துக்கு முன், ராசா வட்டாரத்தில் ரவிக்கை தைக்கும் நவமணியக்காவிடம் பக்கத்து வீட்டு நாகமணி கேட்டது. நான் மூலையில் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். (நோட்டில் மட்டும் அக்காவை வெறும் நவமணி ஆக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் கை ஓடாது.)

முதலில் எழுதிய தொடக்கம்: 'நூல் என்பது மனித உறவைப் போல…' வேண்டாம். நூல் நூலாகவே இருக்கட்டும்.

2

ரவிக்கை முதுகில் கட்டும் குஞ்சக் கயிறு கடையிலும் கிடைக்கும். நவமணி திரிப்பது கிடைக்காது. பச்சையும் பொன்னுமாய்ப் பன்னிரண்டு இழை. முனைக்கு ஒரு பென்சில் கட்டியிருக்கும். எதிரெதிரே நிற்கும் இருவரும் அவரவர் வலப்பக்கமே திருக வேண்டும். ஒருத்தி மாற்றினால், மற்றவள் ஏற்றிய முறுக்கு அவிழ்ந்துவிடும். நன்றாக ஏறியதும் நடுவில் மடித்துவிட்டால், கயிறு தானே தன்னைச் சுற்றிக்கொள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மூச்சு நிற்கும்.

அன்று மறுமுனைப் பென்சில் நாகமணி கையில்; நூல் தொய்ந்தது. அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். ரவிக்கை வாங்க வந்த தனேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கே சொல்லித் தர்றியா? உனக்கு வலது கை எதுன்னே தெரியாது லா!" என்றாள் நவமணி.

நாகமணி பென்சிலை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதன்பின் இந்த வீட்டில் யாரும் கயிறு திரிக்கவில்லை.

3

நாளை மறுநாள் தனேஸ்வரி மகளுக்குக் கல்யாணம். இன்று நவமணியின் கயிறுதான் வேண்டுமென்று வந்து உட்கார்ந்துவிட்டார். நவமணி ஒரு முனையைக் கதவுப் பிடியில் கட்டினாள். மடிக்கும்போது சிக்கியது. என்னைப் பிடிக்கச் சொன்னாள். என் கையிலும் நூல் சிக்கிக்கொண்டது.

"விடு நவா, கடையிலயே வாங்கிக்கிறேன்," என்றார் தனேஸ்வரி.

நவமணி அந்தப் பென்சிலை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனாள்.

"நாகு! அன்னிக்கு மாத்தித் திருகினது நான்தான். தனேசக்கா, நீங்களும் கேட்டுக்கங்க!"

வேலிக்கு அப்பால் துணி உதறும் சத்தம் நின்றது.

(இங்கே இருவரையும் அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அவர்கள் அழவில்லை.)

"இப்பவாச்சும் வலது கை எதுன்னு தெரிஞ்சுதா?" என்றபடி வந்து, நாகமணி பென்சிலை வாங்கினாள்.

4

கயிறு முடிந்தது. தனேஸ்வரி தொட்டார். அழுக்குப் படுமோ என்று விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மறுபடி தொட்டார்.

இருவரும் சேர்ந்துவிட்டார்கள் என்று முடிக்கலாம். ஒரு கல்யாணப் பெண்ணுக்காக மட்டும் வந்தாள் என்றும் முடிக்கலாம். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தது இவ்வளவுதான்:

"தே குடிச்சிட்டுப் போயேன்," என்றாள் நவமணி, தேநீரை ஆற்றிக்கொண்டே.

நாகமணி படியிறங்கிப் போனாள். பென்சில் அவள் கொண்டையில் செருகியிருந்தது.