பச்சை டேப்

தேக்ஜு மாமாவின் சிமெண்ட் லாரியை எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்தபோது முன்பக்கம் முழுக்க நசுங்கியிருந்தது. தோங்ஹே துறைமுகத்துக்கு இறங்கும் மலைப்பாதையில், வளைவில் திரும்பாமல் போய்விட்டார். அடக்கம் முடிந்து பதினோரு நாள்.

அவர் மனைவி இன்சுக் அக்கா, வண்டியில் கிடந்த சாமான்களை எடுக்க வந்திருந்தார். ஒரு ஃபிளாஸ்க், ஒரு தலையணை.

“தூங்கிட்டாராம். இன்சூரன்ஸ்காரங்க சொல்லிட்டாங்க” என்றார். “அன்னிக்கு இன்னும் அரை மணி நேரம் படுத்துக்குறேன்னாரு. முதல் லோடு போயிடும்னு போர்வைய உருவிட்டேன். நான்தான்டி அவர அனுப்பி வெச்சேன்.”

வண்டியில் கோளாறு இல்லை என்று என் அண்ணன் தெக்யு பார்த்துக் கையெழுத்துப் போட்டால் வழக்கு முடிந்துவிடும். அவன் மீட்டரை எடுத்தான்.

எஞ்சினும் பிரேக்கும் கியர்பெட்டியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டு கம்பிகளில்தான். கம்பிகளின் இரு முனையிலும் கட்டைவிரல் அளவில் ஒரு பிளக் இருக்கும். இரண்டும் இருந்தால் மீட்டர் அறுபது ஓம் காட்டும்; ஒன்று இல்லாவிட்டால் நூற்றிருபது. அப்போதும் வண்டி ஓடும். ஆனால் எப்போதாவது பேச்சு அறுந்துபோகும்.

மீட்டர் நூற்றிருபது காட்டியது.

“அடிபட்டப்ப பிடுங்கிட்டு விழுந்திருக்கும்” என்றான் அண்ணன்.

நான் வண்டிக்கு அடியில் போனேன். பின்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பிளக் இருக்கவேண்டிய இடத்தில், தூசி போகாமலிருக்கப் பச்சை டேப் ஒட்டியிருந்தது. ஓரம் மடித்திருந்தது. உரிக்கச் சுலபமாக இருக்குமென்று நான்தான் அப்படி மடிப்பேன்.

ஆகஸ்டில், ஐஸில் கணவாய் மீன் ஏற்றிய லாரி ஒன்று பிளக் உடைந்து நின்றது. மீன் கெட்டுவிடும் என்று டிரைவர் கத்தினார். கையில் இல்லாததைப் பக்கத்து வண்டியில் கழற்றிப் போடுவது எங்கள் பட்டறை வழக்கம். கிளட்ச் வேலைக்கு நின்றிருந்த மாமா வண்டியில் கழற்றினேன். புது பிளக் மூன்று நாளில் வந்தது. அதற்குள் அவர் வண்டியை எடுத்துப் போய்விட்டார். உறையில் அவர் வண்டி எண்ணை எழுதி இழுப்பறையில் வைத்தேன்.

பிறகு ஒருமுறை டயருக்குக் காற்றடிக்க வந்தார்.

“என்ன ஊமை, வண்டிங்க பேசுறதெல்லாம் உனக்குக் கேக்குது, உன் வாயில மட்டும் ஒண்ணும் வராதா?” என்று கத்திவிட்டுக் கிளம்பினார். டிரைவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை பேர் நடுவில் ஓடிப்போய் நிறுத்தக் கூச்சமாக இருந்தது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

லேப்டாப்பை நேராகப் பிரேக்கின் கணினிப் பெட்டியில் செருகினேன். அதன் நினைவில் கடைசிப் பதிவு இருந்தது. எஞ்சினோடு பேச்சு அறுந்தது. அதற்குப் பின், நான்கு நிமிடம் விடாமல் மிதித்த கால் பிரேக்.

இழுப்பறையைத் திறந்து உறையைக் கொண்டுபோய் அக்கா கையில் வைத்தேன்.

“வாய மூடிக்கிட்டு இரு” என்றான் அண்ணன், மெதுவாக.

“நான் கழட்டினேன்கா. திருப்பிப் போடல. அதனாலதான் இறக்கத்துல வண்டிய இழுத்துப் பிடிக்கிற எஞ்சின் பிரேக் வேலை செய்யல. வெறும் கால் பிரேக்குதான். அந்த இறக்கத்துல அது சூடேறிப் பிடிக்காமப் போயிருக்கும். மாமா தூங்கல. நாலு நிமிஷம் பிரேக்க மிதிச்சுக்கிட்டேதான் இருந்திருக்காரு. நீங்க எழுப்பினதால இல்லக்கா.”

அக்கா உறையில் இருந்த எண்ணை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்தார். என்னை அடிப்பார் என்று நின்றேன். அடிக்கவில்லை.

“தூங்கலையா?”

“இல்லக்கா.”

“நாலு நிமிஷமும் முழிச்சுட்டுதான் இருந்தாரா?”

ஆமென்று தலையசைத்தேன்.

“தூக்கத்துலயே போயிட்டாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்டி” என்றார். “அந்த ஒண்ணுதான் ஆறுதலா இருந்துச்சு.”

தலையணையை முகத்தோடு அழுத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் இன்சூரன்ஸ் தாளில் நூற்றிருபது என்று எழுதினான். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டு, பேனாவை என்னிடம் நீட்டினான்.