கதண்டின் இடுப்பில் ஒரு வெள்ளை இறகு

ஜூலை மாதம் ஒரே ஒரு கதண்டுக் குளவி கழுத்தில் கொட்டியதற்கு பெலேவி செத்துப் பிழைத்தான். அதற்கு முன்பு எத்தனை கொட்டு வாங்கியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. எங்கள் மலையில் கதண்டுக் கூடு தேடிப் போகிறவர்களில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கொட்டு விழுவதைப் பற்றி மழையில் நனைந்ததைச் சொல்வதுபோலத்தான் சொல்வான். அந்த முறை மட்டும் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. கோஹிமாவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் அவனுடைய சுமோவிலேயே அவனைக் கிடத்தி, மைத்துனன் நெய்ஸோ ஓட்டிக்கொண்டு போனான். பாதி நினைவில் கிடந்தபோதும், "செகண்டுக்கு மாத்துடா, இஞ்சின் அழுவுது" என்று பெலேவி முனகினானாம்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா கட்டிலருகே வந்து நின்றார். சின்ன வயது, ஆனால் பேச்சில் கண்டிப்பு.

"இன்னொரு தடவை கொட்டினா இங்க வந்து சேர நேரம் இருக்காது. கூடு இருக்கற பக்கமே நீங்க போகக் கூடாது."

"கதண்டுப் புழு சாப்பிடலாம்ல?"

"அதையும் விட்டுடுங்க. உங்க உடம்பு இனிமே எதுக்கு என்ன பண்ணும்னு என்னால சொல்ல முடியாது."

"வேக வெச்சதையுமா?"

"வேக வெச்சதையும்தான்."

"வறுத்தா?"

அவன் மனைவி அவினுவோ அவன் கையைக் கிள்ளினாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

ஆகஸ்ட், செப்டம்பர் எப்படியோ ஓடிவிட்டன. மழை நின்று, வானம் கழுவி விட்டதுபோல ஆகி, படிக்கட்டு வயல்களில் கதிர் சாய்ந்ததும்தான் அவனுக்கு உண்மையான நோய் ஆரம்பித்தது. எங்களுக்கு அது வாய் ருசிக்கும் காலம். வயலில் தண்ணீரை வடித்தால் நத்தையும் விரல் நீள மீனும் சேற்றில் கிடக்கும். அறுக்க அறுக்க வெட்டுக்கிளிகள் தாவும். பெண்கள் அவற்றைப் பிடித்து மூங்கில் குழாயில் அடைத்துக்கொண்டு வருவார்கள். காட்டில் காளான், கூரையில் பூசணி, உளுத்த மரத்துக்குள் கொழுத்த புழு. எல்லாவற்றுக்கும் மேலே, மண்ணுக்கடியில் அடுக்கடுக்காய் அடை கட்டியிருக்கும் பெரிய கதண்டின் கூடு. அதன் வெள்ளைப் புழுவுக்காக ஊரே ஒரு வருடம் காத்திருக்கும்.

எல்லாரும் எல்லாம் சாப்பிடுகிற ஊர்தான் இது. இருந்தாலும் பெலேவி வேறு ரகம். சுமோவில் ஏறுகிற வெளியூர்க்காரனிடம், "உங்க பக்கம் என்ன திம்பீங்க?" என்று கேட்காமல் கியரைப் போட மாட்டான். அருணாசலப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன், ஆற்றுக் கல்லுக்கு அடியில் ஒரு நாற்றப் பூச்சி கிடைக்கும், தின்றால் நாக்கு மரத்துப்போகும் என்று சொன்னதற்காக இரண்டு நாள் வண்டி ஓட்டிப் போய் அதைத் தின்றுவிட்டு வந்தவன். "முதல்ல கசப்பு, அப்புறம் தீ, அப்புறம் நாக்கே இல்ல" என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அப்படிப்பட்டவனை இப்போது ஊரே காப்பாற்றத் தொடங்கியது. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. டீக்கடையில் நான்கு பேர் கூடு பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். இவன் நுழைந்ததும் பேச்சு கால்பந்துக்குத் தாவிவிடும். யார் வீட்டிலாவது புழு வெந்தால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வாசனைக்குக் கதவு ஏது? தெருவில் நின்று அவன் மூக்கை இழுத்து, "மூங்கில் குருத்து கம்மியா போட்டுட்டாங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நடப்பான்.

நெய்ஸோ ஒரு நாள் சும்மா பார்க்க வந்தான். அவன் நகக்கண்ணில் புதுமண் இருந்தது.

"எங்கடா தோண்டின?" என்றான் பெலேவி.

"உருளைக்கிழங்கு மச்சான்."

"உருளைக்கிழங்குக்கு உன் முழங்கை ஏன் வீங்கியிருக்கு?"

நெய்ஸோ சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டான். "அக்கா என்னைக் கொன்னுடுவா, மச்சான். கேக்காத."

"எத்தனை அடுக்கு? அது மட்டும் சொல்லிட்டுப் போ."

"ஏழு" என்று சொல்லிவிட்டு அவன் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான்.

அன்றிலிருந்து பெலேவி வீட்டில் எதையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அரிசியும் கீரையும் போட்டுக் குழைய வேகவைத்தால் சப்பென்று இருக்கிறது என்றான். புளித்த சோயா போட்டுப் பன்றி சமைத்தால் சோயா பழசு என்றான். நத்தையை உறிஞ்சிவிட்டு, மண் வாடை என்று தட்டைத் தள்ளினான். பத்து நாள் பொறுத்துப் பார்த்த அவினுவோ, பதினோராம் நாள் கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தாள்.

"இப்படி ஒரு மூஞ்சியை நவம்பர் வரைக்கும் பாக்கறதுக்கு நானே போய்க் கொட்டு வாங்கிட்டு வரலாம்."

"போயேன்."

"போறேன். எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு சொல்லு. நீ ரோட்டு மேல நில்லு, போன்ல சொல்லு, நான் ஓடறேன். ஆனா ஒண்ணு. தேடறதோட உன் பங்கு முடிஞ்சுது. ஒரு புழுகூட உன் வாய்க்குப் போகாது."

கூடு தேடுவதிலேயே பாதி ருசி இருக்கிறது என்று அடிக்கடி சொல்பவன் அவன்தான். அந்தப் பாதியாவது கிடைக்கட்டும் என்று சம்மதித்தான்.

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவினுவோ புழுவைச் சமைத்திருக்கிறாளே தவிரத் தேடப் போனதில்லை. அது ஆண்கள் வேலை என்று யாரும் சட்டம் போடவில்லை, போகாமலே இருந்துவிட்டாள். மறுநாள் காலை ரப்பர் பூட்ஸ் மாட்டி, நெய்ஸோவின் தடித்த மழைக்கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பையில் வெட்டுக்கிளி, மெல்லிய நார், கோழியின் வெள்ளை இறகு. பெலேவி சாலை வளைவில் சுமோவை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துப் பெட்டி அவன் மடியில்.

முதல் நாள் முழுவதும் வீணாகப் போயிற்று. குச்சி நுனியில் குத்திய வெட்டுக்கிளியில் கதண்டு வந்து உட்கார்ந்தது. அது கறியை அறுப்பதில் மும்முரமாக இருக்கும்போது இடுப்பில் இறகு கட்டிய நார்ச் சுருக்கை மாட்ட வேண்டும். கறியோடு அது கூட்டுக்குத் திரும்பும்போது வெள்ளை இறகைப் பார்த்தபடி பின்னால் ஓடலாம். அவள் சுருக்கைக் கிட்டே கொண்டுபோய்விட்டுத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"மாட்டிட்டியா?" என்றது போன்.

"இல்ல."

"ஏன்?"

"அது என்னையே பாக்குது."

"அது எதுக்கு உன்னைப் பாக்குது? கறியத்தான் பாக்குது. பின்னாலேருந்து மெதுவா கொண்டு போ. மூச்சு விடாத, மூச்சுக்காத்துப் பட்டா அதுக்குக் கோவம் வரும்."

"மூச்சு விடாம எப்படிப் பேசறது?"

"பேசாத!"

இரண்டாம் நாள் மாட்டிவிட்டாள். ஆனால் இறகு பெரிதாகப் போய்விட்டது. கதண்டு பத்தடி பறந்து புல்லில் விழுந்தது. பெலேவி ஸ்டீயரிங்கைக் குத்தினான். நகத்தளவு இறகு போதும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தான். அடுத்த கதண்டு இறகோடு பறந்தது, அவள் ஓடினாள், ஒரு பூசணிக்கொடி தடுக்கி விழுந்து எழுந்தபோது வானம் மட்டும் இருந்தது.

"எந்தப் பக்கம் போச்சு?"

"அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம்னா நான் என்னத்தக் கண்டேன்? கெழக்கா, மேக்கா?"

"விழுந்து முட்டி பேந்திருக்கு, பெலேவி. அதக் கேளு முதல்ல."

அவன் கேட்டான். கேட்டுவிட்டு உடனே, "ஓடைப் பக்கமா, தேவாலயத்துப் பக்கமா?" என்றான். அவள் போனை அணைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அவளுக்கும் வீம்பு வந்துவிட்டது. காலை பத்து மணிக்குள் இரண்டு கதண்டுகளுக்கு இறகு கட்டினாள். இரண்டும் ஓடையைத் தாண்டி ஒரே திசையில் போயின. ஓடையைக் கடந்து, அந்தக் கரையில் மூன்றாவதற்குக் கட்டினாள். அது உயரமாகப் போகாமல், சுமை இழுக்கும் மாடுபோல நிதானமாக, நெஞ்சு உயரத்தில் பறந்தது. அவள் புதர்களை விலக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

"தெரியுது, தெரியுது. வெள்ளையா தெரியுது" என்று அவள் சொல்வது பெலேவிக்குக் கேட்டது. "ஆல்டர் மரத்தத் தாண்டி... இறங்குது... ஐயோ, இங்க நிறைய..."

அவ்வளவுதான். பள்ளத்தில் சிக்னல் கிடையாது.

பெலேவி நான்கு முறை கூப்பிட்டான். ஐந்தாம் முறை கூப்பிடவில்லை. "நிறைய" என்று அவள் சொன்ன தொனியை மனதுக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டான். அது சந்தோஷமா, பயமா? கால் மணி நேரம் போயிற்று. மருந்துப் பெட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டான்.

அவினுவோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டு வாயிலிலிருந்து இருபதடி தள்ளி, ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து, மண்ணில் இருக்கும் கை நுழையும் அளவுத் துளையில் கதண்டுகள் போவதும் வருவதுமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. பிறகு, கூட்டுக்கு உரிமை சொல்லும் அடையாளமாக ஒரு கிளையை ஒடித்து நட்டு, புல்லை முடிச்சுப் போட்டாள். திரும்பியபோது பெலேவி நின்றுகொண்டிருந்தான்; முப்பதடி இருக்கும். அவனுடைய இடது தோளில் ஒரு கதண்டு உட்கார்ந்திருந்தது.

அவன் அசையவில்லை. அவளும் அசையவில்லை. கதண்டு தோளிலிருந்து காலருக்கு நடந்தது. காலர் விளிம்பில் நின்று, முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. பெலேவியின் நெற்றியிலிருந்து வியர்வை இறங்குவதை அவள் பார்த்தாள். அவன் கண்கள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு அது பறந்து போயிற்று.

அவள் அவன் கையைப் பிடித்து, ஓடை தாண்டும்வரை இழுத்துக்கொண்டு போனாள். ரோட்டுப் பக்கக் கரை ஏறியதும் அவன் மார்பில் இரண்டு கையாலும் தள்ளினாள்.

"என்ன சொன்னேன் உங்கிட்ட? ரோட்ட விட்டு இறங்காதன்னு சொன்னேனா இல்லியா?"

"போன் கட்டாயிடுச்சு. உனக்கு என்னவோன்னு..."

"எனக்கு கொட்டினா வீங்கும். நாலு நாள்ல வடியும். உனக்கு?" மழைக்கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதாள். அவன் பக்கத்தில் நின்றான். பயத்தில் வந்தான் என்பது உண்மைதான். ஆனால் இறங்கும்போது கண் தன்னையறியாமல் வெள்ளை இறகைத் தேடியதும் உண்மை. இரண்டாவதை அவன் சொல்லவில்லை.

அடுத்த நாள் மாலை நெய்ஸோவும் அவன் கூட்டாளிகளும் புகை போட்டுக் கூட்டைத் தோண்டினார்கள். ஒன்பது அடுக்கு. பெரிய சுளகு அளவுக்கு அகலம். தோண்டினவர்கள் பங்கு போக நான்கு அடுக்கு வீட்டுக்கு வந்தது.

பெலேவி சமையலறை வாசற்படியில் உட்கார வைக்கப்பட்டான். உள்ளே வரக் கூடாது என்பது உத்தரவு.

"அடைய நெருப்புல காட்டு. கிட்ட இல்ல, மேல. சூடு பட்டாதான் புழு நெகிழ்ந்து வெளிய வரும். தட்டாத, நசுங்கிடும்."

"இருபத்திரண்டு வருஷமா சமைக்கறேன்."

"இஞ்சி இன்னும் கொஞ்சம். மிளகாய முழுசா போடு, கிள்ளாத. மூங்கில் குருத்துத் தண்ணி கடைசில."

"நீ வாய மூடறியா, இல்ல கதவ மூடட்டா?"

மூடி திறந்ததும் வாசனை வாசற்படிக்கு வந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குப் பூசணியும் சோறும். அவளுக்கு ஒரு கிண்ணம் புழு. எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா என்ன அர்த்தம்?"

அவள் யோசித்தாள். "வாயில உடையுது. உள்ள சூடா, பால் மாதிரி... பால் இல்ல, வெந்த கொட்டை மாதிரி."

"அது புழு. கண்ணு கறுத்தது இருக்கும் பாரு, கால் முளைச்சது. அதத் தனியா எடுத்துத் தின்னு."

தின்றாள். "இது மொறுமொறுன்னு இருக்கு."

"மொறுமொறுப்பு சரி. ருசி?"

"லேசா கசக்குது. அப்புறம் இனிக்குது."

"இல்ல. கசக்காது. கசந்தா நீ மூங்கில் தண்ணிய முன்னாடியே ஊத்தியிருப்ப."

"என் வாய்க்குக் கசக்குது, பெலேவி."

"கசக்காதுன்னு சொல்றேன்ல."

அவள் அடுத்ததை எடுத்தாள். அதற்குப் பிறகு அவன் கேட்டது எதுவும் அவள் காதில் விழவில்லை. கிண்ணத்தைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக எடுத்து, மென்று, சற்று நிறுத்தி, மறுபடி மென்றாள். அவன் எழுந்து வெளியே போனான். தெருவில் கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பியபோது கிண்ணம் காலியாக இருந்தது. ஆறிப்போன பூசணியை நின்றபடியே தின்றான். உப்பு சரியாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, கோஹிமா கிளம்புவதற்காகச் சுமோவில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். பின்சீட்டில் உட்கார்ந்த பெண் ஒருத்தி, "உன் பொண்டாட்டியும் கியேனுவோவும் பூட்ஸ் மாட்டிக்கிட்டு ஓடைப் பக்கம் போறதப் பாத்தேனே, நீ போகலியா?" என்றாள். கியேனுவோ பக்கத்து வீட்டுக்காரி. காலையில் அவனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இறங்கி, சற்றுத் தள்ளி நின்று போன் போட்டான்.

"எங்க இருக்க?"

"கீழ."

"எந்தக் கீழ? அங்க வடக்குச் சரிவுல பழைய கூடு ஒண்ணு உண்டு, அதப் பாக்காத. காத்து எந்தப் பக்கம் அடிக்குது சொல்லு. இறகு எவ்வளவு பெருசு வெச்சிருக்க?"

"பேசாத, பறக்குது" என்றாள் அவள். ஓடும் மூச்சும் கியேனுவோவின் சிரிப்பும் கேட்டன. பிறகு ஒன்றுமில்லை.

அவன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். வண்டிக்குள்ளிருந்து யாரோ ஹார்னை அழுத்தினார்கள். "அண்ணே, ஆபீஸுக்கு நேரமாச்சு."

"வரேன், வரேன்" என்று எரிந்து விழுந்தான். ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினான். சாலை வளைவு வந்தபோது வேகத்தைக் குறைத்துக் கீழே எட்டிப் பார்த்தான். மரங்கள்தான் தெரிந்தன. செகண்டுக்கு மாற்றினான்.