உள்ளிருந்து சாத்தும் கதவு

பதினொரு மணிக்கு வீட்டு வரைபடத்தில் கையெழுத்து. அதற்குள் புது வீட்டைத் தரையில் ஒரு முறை வரைந்து பார்த்தே தீர வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அவள் தையல்காரி. கோடு போடாமல் பிறத்தியார் துணியில் கூட கத்திரி வைத்தவளில்லை. சொந்த வீட்டைக் காகிதத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்ட அவளால் ஆகுமா?

மனையில் இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டார்கள். சிமெண்டுத் தரை மட்டும் மிச்சமிருந்தது. வரைபடத்தை ஒரு செங்கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு, அளவு நாடாவை நீட்டி நீட்டிச் சாக்பீஸால் கோடு இழுத்தாள். ஹால், சமையலறை, மகளின் அறை, அதை ஒட்டிக் குளியலறை, அதற்குள் கழிப்பிடத்துக்கு ஒரு கட்டம்.

"அத்தான் பார்த்தா என்ன நினைப்பாரு?" என்றான் கணவன். "அவர் மேல நம்பிக்கை இல்லேங்கிற மாதிரி இருக்கு."

அத்தான் என்பது அவனுடைய அக்காவின் கணவர். குடும்பமே அவரை இன்ஜினியர் என்றுதான் சொல்லும். அப்பா இல்லாத இவனைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். வரைபடமும் அவர் போட்டதுதான். அதில் குறை சொல்வது அவரைக் கன்னத்தில் அறைவதற்குச் சமம் என்று கணவன் நினைத்தான். அவள் மட்டும் வேறு என்ன நினைத்தாள்? ஆனாலும் நாடாவைச் சுருட்டவில்லை.

அவள் தேடியது அழகை அல்ல. மகளுக்குப் பன்னிரண்டு வயது, பிறந்ததிலிருந்தே கால் இருந்தும் இல்லாத கணக்கு, சக்கர நாற்காலிதான் எல்லாம். வாடகை வீட்டுக் குளியலறை எதிலும் அந்த நாற்காலி நுழைந்ததில்லை, இவள்தான் தூக்கிக்கொண்டு போவாள். போன மாதம் அப்படித் தூக்கியபோது மகள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "கண்ண மூடிக்கோம்மா," என்றாள். அந்தச் சொல் இன்னும் இவளை அறுத்துக்கொண்டிருக்கிறது. வீடு கட்டி என்ன, அந்தப் பிள்ளை தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள முடியாவிட்டால்?

இன்னொன்றும் இருந்தது, கணவனுக்குத் தெரியாதது. போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அந்த அம்மா படம் எதையும் எடுத்துக் காட்டவில்லை. எந்தக் கை பலமான கை, எதைப் பிடித்து எழுந்திருப்பாய் என்று மகளிடமே கேட்டாள். நடுவில் இவள் பதில் சொல்லப் போனபோது, "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்று அடக்கிவிட்டாள். இவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த அம்மாவின் நம்பர் இன்னும் கைப்பையில்தான் இருந்தது.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இன்ஜினியர் கோப்பும் கையுமாக இறங்கினார்.

"என்ன தங்கச்சி, தரைக்குச் சட்டை தைக்கிறியா?"

"அளவு எடுத்துப் பார்க்கிறேண்ணா," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை.

மகள் சக்கரத்தை உருட்டி வந்தாள். ஹாலைத் தாண்டினாள், தன் அறைக்குள் நுழைந்தாள், குளியலறைக் கோட்டுக்குள் போனாள். நாற்காலி மயிரிழையில் உள்ளே அடங்கியது.

"போதுமா?" என்றார் இன்ஜினியர். கணவன் அப்பாடா என்று மூச்சு விட்டான்.

அவள் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ இடித்தது. ரவிக்கை வெட்டும்போது முதலில் கேட்கும் கேள்வி நினைவுக்கு வந்தது.

"அண்ணா, ஆறடின்னு போட்டிருக்கீங்களே, இதுல தையலுக்கு விட்டாச்சா?"

"என்னது?"

"சுவரோட கனம். அது இந்த ஆறடிக்குள்ள வருதா, வெளியவா?"

அவர் கோப்பைக் கைமாற்றிக்கொண்டார். "சுவர் நடுவுல இருந்து நடு வரைக்கும்தான் அளவு போடுவோம். அது எங்க வழக்கம்."

அவள் மண்டியிட்டாள். சுவரின் பாதிக் கனத்தை நாலு பக்கமும் உள்ளே தள்ளிப் புதுக் கோடு போட்டாள். ஒரு கோடு வளைந்துபோனது, அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். மகள் மறுபடி உள்ளே போனாள். முன்சக்கரம் கழிப்பிடத்துக்குப் போட்ட கட்டத்தில் முட்டியது. பின்சக்கரம் வாசல் கோட்டுக்கு வெளியே நின்றது.

"கதவு சாத்த வராது," என்றாள் அவள்.

"கதவு எதுக்கு?" என்றார் இன்ஜினியர். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அதுதான் கொடுமை. "ஒரு திரை போட்டா போச்சு. எப்படியும் நீதானே கூடப் போகப்போறே? இதைப் பெருசாக்கினா ஹால் சின்னதாகிடும், வீட்டோட அழகே போயிடும்."

கணவன் மகளைப் பார்த்தான். மகள் காது மடல்வரை சிவந்து, மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கதவு வேணும் மாமா," என்றாள் தலை நிமிராமல்.

அதற்குமேல் தையல்காரியால் மென்று முழுங்கிக்கொண்டிருக்க முடியவில்லை. நாடாவில் இரண்டரை அடியை மடக்கிப் பிடித்து, ஒரு முனையைக் கட்டைவிரலால் தரையில் அழுத்தி, மறுமுனையில் சாக்பீஸை வைத்துச் சுற்றினாள். ஐந்தடி வட்டம் ஒன்று விழுந்தது. அது ஹாலுக்குள் ஒன்றரை அடி நுழைந்திருந்தது.

"நாற்காலி திரும்ப இவ்வளவு வேணும். முதல்ல இந்த வட்டம், அப்புறம்தான் சுவர்."

"இதை உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டான் கணவன்.

அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மா. போன வாரம் போய்ப் பார்த்தோம். உங்ககிட்ட சொல்லலை. தப்புதான்."

இன்ஜினியர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஓகோ. வேற ஆளைப் பார்த்து முடிச்சுட்டுத்தான் எனக்குப் பரீட்சை வச்சியா?" பேனாவை எடுத்துக் கணவனிடம் நீட்டினார். "நீ சொல்லுப்பா. கையெழுத்துப் போடுறியா, இல்லையா?"

கணவன் பேனாவை வாங்கிக்கொண்டான். அவன் பேனாவைப் பார்த்தான், வாசல் கோட்டுக்கு வெளியே நின்ற பின்சக்கரத்தைப் பார்த்தான். அப்புறம் மூடியைப் போட்டு அவர் சட்டைப்பையிலேயே மெல்லச் செருகினான்.

"என்னைப் படிக்கவச்சது நீங்க அத்தான். அதை நான் மறக்கலை. ஆனா இவளுக்குக் கதவு வேணுமாம்."

"உங்க அக்காகிட்ட நீயே சொல்லிக்கோ," என்றார் அவர். கார் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. இனி நாத்தனார் வாசற்படி மிதிக்க எத்தனை மாதம் ஆகுமோ.

கணவன் கீழே உட்கார்ந்துவிட்டான். "அந்த அம்மா நம்பரைக் கொடு," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமலே. அந்தக் கோபம் இன்றைக்குத் தீராது என்று அவளுக்குத் தெரியும். கைப்பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள்.

மகள் அதற்குள் வட்டத்துக்குள் போயிருந்தாள். நாற்காலியை முழுசாக ஒரு சுற்றுத் திருப்பினாள், எங்கும் இடிக்கவில்லை. இவள் பழக்கதோஷத்தில் பின்னாலேயே போய், அவளைத் தூக்கக் கையை நீட்டியபடி நின்றாள்.

"அம்மா, நீ வெளிய நில்லு."

அவள் கோட்டைத் தாண்டி வெளியே வந்தாள். மகள் வலது கையை நீட்டி, இல்லாத கதவை இழுத்துச் சாத்தி, இல்லாத தாழ்ப்பாளைப் போட்டாள். பன்னிரண்டு வருஷமாகத் தூக்கிய கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அம்மா வெளியே நின்றாள். பிறகு, யாரும் சொல்லாமலே, திரும்பி நின்றுகொண்டாள்.