மனோரஞ்சிதத்தின் பெட்டி

செங்குளம் காலனியில் படத்தைப் பாதியில் நிறுத்தினால், அப்போது திரையில் நிற்பவர்கள் டீ குடிக்க வெளியே வருவார்கள். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீயும் ரெண்டு முறுக்கும் கொடுக்க வேண்டும். பின்பாதியில் என்ன நடக்கும் என்று மட்டும் அவர்களிடம் சொல்லக் கூடாது. டீ தீர்ந்ததும் படம் தானாக ஓடும், வந்தவர்கள் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். டீ தீர்வதற்குள் பார்க்கிறவர் தூங்கிவிட்டால் படம் மறுபடி ஓடாது. வந்தவர்கள் வீட்டோடு தங்கிவிடுவார்கள்.

சிற்றம்பலம் தூங்குகிறவர். வாரம் ஐந்து நாளும் கூட்டுறவு ஆபீஸில் நாற்காலி தேய்க்கிற மனுஷனுக்கு சனி, ஞாயிறு என்றால் படம்தான். சனிக்கிழமை பழைய கறுப்பு வெள்ளைப் படம், அது அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை புதுப் படம், அது மனைவி பூங்கோதைக்கு. பழைய படம் என்றாலே பூங்கோதைக்கு ஆகாது. எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்று அழுகிறார்கள் என்று சமையலறைக்குப் போய்விடுவாள். இவரோ மோர்க்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலுமாக ஒரு பிடி பிடித்துவிட்டு டிவி முன்னால் உட்காருவார். கண் சொக்காமல் என்ன செய்யும்?

அப்படித் தங்கிப்போனவள்தான் மனோரஞ்சிதம். ரயில்வே ஸ்டேஷனில் காதலனுக்காகக் காத்திருக்கும்போது படத்தை நிறுத்தியதால், தகரப் பெட்டியும் கையுமாக வந்தவள். எட்டு சனிக்கிழமை ஆகிவிட்டது, எட்டிலும் சிற்றம்பலம் குறட்டை. மஞ்சள் பூசினாலும் அவள் முகம் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். கிலோ கணக்கில் வெங்காயம் நறுக்குவாள், கண்ணில் ஒரு சொட்டு வராது. தினமும் காலையில் ஒரே ஒரு கேள்வி கேட்பாள், அவர் ஸ்டேஷனுக்கு வருவாரா அண்ணா என்று. சத்தியமாகத் தெரியாதும்மா என்பார் சிற்றம்பலம்.

"பாவங்க அந்தப் பொண்ணு. இந்த வாரமாவது முழிச்சிருந்து பாத்து அனுப்பி வைங்க" என்றாள் பூங்கோதை.

அந்தச் சனிக்கிழமை அவர் வெறும் கஞ்சி குடித்தார். கண்ணுக்குக் கீழே தைலம் தடவிக்கொண்டார். மனோரஞ்சிதம் பெட்டியை டீப்பாய் மேல் வைத்துவிட்டு டீ குடித்தாள். பெட்டி டிவியைப் பாதி மறைத்தது. பச்சை நைட்டியில் டம்ளர் எடுக்க வந்த பூங்கோதையிடம், அந்தப் பெட்டியைக் கொஞ்சம் எடேன் என்றார். அவள் எடுத்தாள். டீ தீர்ந்தது. படம் ஓடியது.

பிளாட்பாரத்தில் பூங்கோதை நின்றிருந்தாள். அதே நைட்டி, பச்சை மட்டும் போயிருந்தது. காதலன் மூச்சிரைக்க ஓடி வந்தான், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டான், இருவரும் ரயிலேறினார்கள். சுபம் என்று போட்டார்கள். சிற்றம்பலம் திரும்பிப் பார்த்தால் மனோரஞ்சிதம் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி யார் கையில இருக்கோ அவங்கதான் போகணும் அண்ணா" என்றாள். பிறகு, ராத்திரிக்கு உப்புமா கிண்டட்டுமா என்று கேட்டாள்.

அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. பூங்கோதை செல்போனுக்கு அடித்தார், அது அரிசி டப்பா மேல் கிடந்து மணியடித்தது. மறுநாள் புதுப் படத்தைத் தனியாகப் பார்த்தார். யார் யாரைச் சுடுகிறார்கள், எதற்குச் சுடுகிறார்கள் என்றே பிடிபடவில்லை. கேட்டால் சொல்ல அவள் இல்லை. அந்த வாரம் முழுக்க உப்புமா நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பூங்கோதை இல்லாத வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை படத்தை முதலிலிருந்து போட்டார். முன்பாதி முழுக்க பூங்கோதை. கோயிலில்கூட வாயைத் திறக்காதவள், குளக்கரையில் ரெண்டு பாட்டுப் பாடினாள். காதலனின் அம்மா அவளைக் கன்னத்தில் அறைந்தபோது சிற்றம்பலத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டேஷன் வந்ததும் படத்தை நிறுத்தினார்.

பூங்கோதை வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. டீயை வாங்கி, சர்க்கரை கொஞ்சம் அதிகம் என்றாள், எப்போதும் சொல்வது போல. அவளுக்கு அவரைத் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது.

"அவர் ஸ்டேஷனுக்கு வருவாராங்க?" என்று கேட்டாள்.

வருவான் என்று அவருக்குத் தெரியும். சொல்லக் கூடாது. டம்ளரில் இன்னும் ஒரு வாய் டீதான் இருந்தது.

"பெட்டியை இப்படிக் குடு. மடியில வச்சுக்கிட்டு எப்படிக் குடிப்பே?" என்றார்.

அவள் கொடுத்தாள். குடித்து முடித்தாள். படம் ஓடியது.

பிளாட்பாரத்தில் காற்று நன்றாக வந்தது. பெட்டியில் ஒன்றுமே இல்லை போலிருக்கிறது, கனமே தெரியவில்லை. காதலன் ஓடி வந்து சிற்றம்பலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறாயா என்று கேட்டான். ஒரு வாரமாக என்றார் அவர். நல்ல பையனாகத்தான் தெரிந்தான். திங்கட்கிழமைக்கு லீவு சொல்லவில்லையே என்பது ஒன்றுதான் உறுத்தியது.

ரயில் ஜன்னல் வழியாக ஹால் தெரிந்தது. பூங்கோதையின் நைட்டி மறுபடியும் பச்சையாகியிருந்தது. அவருக்கு மனசு நிறைந்தது. இனி யாராவது இந்தப் படத்தைப் போட்டு ஸ்டேஷனில் நிறுத்தினால், டீக்கு வீட்டுக்குப் போகலாம். பூங்கோதை கொட்டாவி விட்டபடி ரிமோட்டைத் தேடினாள். அவளுக்குப் பழைய படம் என்றாலே ஆகாது. சிற்றம்பலம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.